செப்டம்பர் இல்லாத கலண்டர்

போன மாதம் உப்புவெளிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பேசுவதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் நில அளவையாளராக வேலை செய்கிறேன். தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் நின்று காணி அளக்கிற பெண் எங்கள் பக்கத்தில் இன்னும் ஒரு புதினமான காட்சிதான். அதனால் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை யாராவது என்னை ஒரு மேடையில் ஏற்றி, பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நாலு வார்த்தை சொல்லச் சொல்வார்கள். அன்றைக்கும் சொன்னேன். முடிவில் பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழும்பி, உங்களுக்கு முன்மாதிரி யார் மிஸ் என்று கேட்டாள். என் அம்மா என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். பள்ளிக்கூட அதிபருக்குக் கண் கலங்கியது. நான் சொன்னது பொய்.

உண்மையான பதில் என் சித்தி. அவளுடைய பெயரை ஒரு மேடையில் சொல்ல எனக்கு இன்னும் வாய் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

சித்தி அம்மாவின் தங்கை. பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அம்மாதான் அவளை வளர்த்தாள். அப்பா கல்யாணம் முடித்து, திருகோணமலை லிங்கநகரில் அம்மாவின் வீட்டுக்கு வந்தபோது வீடு, கிணறு, மூன்று தென்னை, இவற்றோடு ஒரு மச்சாளையும் சேர்த்துத்தான் தனக்குச் சீதனமாக எழுதித் தந்தார்கள் என்று பகிடி விடுவார். சித்தி அதைக் கேட்டுக் கோபிக்க மாட்டாள். சைக்கிளுக்குக் காற்றுப் போனாலும் றேடியோ பாடாமல் விட்டாலும் இந்தச் சீதனம்தானே திருத்தித் தருகிறது என்று திருப்பிக் கேட்பாள்.

நாட்டில் சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் ஒரு நிறுவனம் ஊருக்கு வந்து, பெண்களுக்கு ஆறு மாதத் தொழிற்பயிற்சி தருகிறோம் என்று மேசை போட்டது. தையல், கேக், அழகுக்கலை எல்லாவற்றுக்கும் நீண்ட வரிசை. படகு எஞ்சின் திருத்துகிற பயிற்சிக்கு என்று போட்ட மேசைக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. தையலுக்குப் பெயர் பதியப் போன சித்தி, வெயிலில் வரிசையில் நிற்கப் பஞ்சிப்பட்டு இந்த மேசைக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாள். இலட்சியம், கனவு என்று மேடையில் நான் இப்போது பேசுகிற எதுவும் அதில் கிடையாது. ஆனால் ஆறு மாதம் முடிவதற்குள் அவளுக்கு அந்த வேலையில் பைத்தியமே பிடித்துவிட்டது.

உள்துறைமுகக் கரையோரம் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணர், எங்கள் எல்லோருக்கும் நானா, எஞ்சின் திருத்தும் பட்டறை வைத்திருந்தார். சித்தியை முதலில் கருவிகளைத் துடைத்து அடுக்கத்தான் எடுத்தார். ஒரு வருடத்தில், படகுக்காரர்கள் எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, நானாவைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, பிள்ளை நிக்குதோ என்று கேட்கத் தொடங்கினார்கள். சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். பிளக்குகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைப்பது என் வேலை. எஞ்சின் ஓடும்போது சித்தி கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்பாள். எங்கே கோளாறு என்று அதன் சத்தமே சொல்லிவிடுமாம். நானும் கண்ணை மூடிக் கேட்பேன். எனக்கு எல்லா எஞ்சினும் ஒரே மாதிரித்தான் இரைந்தன, ஆனால் கேட்டது போலத் தலையை ஆட்டுவேன்.

ஈச்சிலம்பற்றுப் பக்கத்து மீன்காரர் ஒருவர் ஒருமுறை எஞ்சின் நின்றுபோய் ஒன்றரை நாள் கடலில் அலைந்து கரை சேர்ந்தவர். அந்த எஞ்சினைச் சித்திதான் திருத்திக் கொடுத்தாள். அதன் பிறகு அவர் துறைமுகப் பக்கம் வரும் போதெல்லாம் ஒரு பை மீனை எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விடுவார். அம்மா அந்த மீனைச் சந்தோஷமாகச் சமைப்பாள். அந்த மீன் எதற்காக வருகிறது என்று மட்டும் அக்கம்பக்கத்தில் சொல்ல மாட்டாள்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் அதே நிறுவனம் ஒரு கலண்டர் அடித்தது. மாதத்துக்கு ஒரு பெண்ணாகப் பன்னிரண்டு பெண்கள், பெரிய வண்ணப் படங்களில். ஜனவரியில் டொக்டர், பெப்ரவரியில் பொலிஸ், பிறகு நீதவான், நேர்ஸ், வங்கி முகாமையாளர் என்று போய், செப்டம்பரில் என் சித்தி. நீல ஓவரோல் போட்டு, கன்னத்தில் கிறீஸோடு, ஒரு எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு சிரிக்கிறாள். படத்துக்குக் கீழே அவள் சொன்ன வார்த்தை அச்சாகியிருந்தது: கடலுக்குப் போகிறவர்கள் திரும்பி வருவதற்கு என் கையும் ஒரு காரணம். கலண்டரின் தலைப்பு ‘நானும் இப்படி ஆவேன்’. அது எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் தொங்கியது. எங்கள் வீட்டில் மட்டும் தொங்கவில்லை. சித்தி கொண்டுவந்த பிரதியை அம்மா விரித்துப் பார்த்தாள், கன்னத்துக் கிறீஸை விரலால் துடைத்துப் பார்த்தாள், பிறகு சுருட்டி அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு மாதமும் முதல் நாள் வகுப்பு ரீச்சர் தாளைப் புரட்டி, படத்தில் இருப்பவரைப் பற்றி வாசித்து, யார் இவரைப் போல ஆகப் போகிறீர்கள் என்று கேட்பார். வகுப்பு முழுவதும் கையை உயர்த்தும். ஜனவரியில் நாங்கள் முப்பத்திரண்டு பேரும் டொக்டர்கள். பெப்ரவரியில் முப்பத்திரண்டு பேரும் பொலிஸ். மீன் சந்தைக்குப் பின்னால் குடியிருந்த ஒருத்தி எதையும் விட்டுக்கொடுக்காமல் சேர்த்துக்கொண்டே வந்தாள். இரண்டாம் தவணை முடியும்போது அவளுக்கு ஏழு உத்தியோகங்கள் கையில் இருந்தன. நானோ செப்டம்பருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். இடைவேளைகளில் தாள்களைத் தூக்கி, இது என் சித்தி, இது என் சித்தி என்று காட்டிக் காட்டி அந்தத் தாளின் ஓரமே அழுக்காகிவிட்டது. முப்பத்திரண்டு கையும் என் சித்திக்காக உயர்வதை நான் எத்தனையோ தடவை கற்பனையில் பார்த்துவிட்டேன். நான் சித்தியையும் மிஞ்சி, துறைமுகத்துக்கு வருகிற பெரிய கப்பல்களின் எஞ்சினைத் திருத்துவது என்று முடிவும் எடுத்திருந்தேன்.

அந்த வருடம் ஆடி பிறக்கும் முன்னர் சித்திக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை உப்புவெளி. அரசாங்க உத்தியோகம், குடி கிடையாது, சாதகமும் பொருந்தியிருந்தது. சித்திக்கு அப்போது இருபத்தெட்டு. அதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்களும் அவளுடைய வேலையைக் கேள்விப்பட்டதும் வந்த வழியே போயிருந்தன. இரண்டாவது தடவை அம்மா குசினிக்குள் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். ஆகவே இந்த முறை தரகரிடம் அம்மா கதையை மாற்றிவிட்டாள். தங்கச்சி எஞ்சின் சாமான் விற்கிற ஒரு கொம்பனியில் கணக்கு எழுதுகிறாள். ஒழுங்கையில் இருந்த நாலு வீடுகளுக்கும் போய், விசாரிக்க யாராவது வந்தால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டும் வந்தாள். நாலு வீடும் ஒத்துக்கொண்டன. ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும் என்றால் எங்கள் ஒழுங்கை எவ்வளவு பெரிய பொய்யையும் சேர்ந்து சுமக்கும்.

சித்திக்குத்தான் அது பிடிக்கவில்லை. வாக்குவாதம் இரண்டு நாள் நடந்தது. உண்மையைச் சொல்லிக் கேட்போம், வேண்டாம் என்றால் போகட்டும் என்பது அவள் கட்சி. கடைசியில் ஒரு பின்னேரம், நான் குசினியில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, அம்மா திடீரென்று சித்தியின் கையைப் பிடித்து இழுத்து என் தலையில் வைத்தாள்.

“இவளில சத்தியம் பண்ணு. தாலி ஏறுமட்டும் அவையிட்ட நீ வாய் திறக்கமாட்டாய்.”

சித்தி அப்படியே நின்றாள். தன்னை வளர்த்தவளின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கையில் பெற்றோலும் சவர்க்காரமும் கலந்த மணம் வந்தது. கடைசியில், “நானாக வாய் திறந்து சொல்லமாட்டன் அக்கா” என்றாள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. பெரியவர்களின் விசயத்தில் என் தலைக்கு இவ்வளவு மதிப்பு வந்ததில் ஒரு பெருமையும் இருந்தது.

ஆடி கழியட்டும், ஆவணியில் பெண் பார்க்க வருகிறோம் என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஓகஸ்ட் விடுமுறை விட்டார்கள். விடுமுறை முடிய ஒரு கிழமை இருக்கும்போது தரகர் இன்னொரு நல்ல செய்தியோடு வந்தார். மாப்பிள்ளையின் தமக்கை ஒரு ரீச்சர், தூரத்தில் வவுனியாப் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் தவணையிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வருகிறார். அதுவும் ஆறாம் வகுப்புக்கு. அம்மா தரகருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, வந்து கதிரையில் தொப்பென்று இருந்தாள். மூன்றாம் தவணை தொடங்குவது செப்டம்பரில். செப்டம்பரில் பள்ளிக்கூடம் முழுவதும் சுவருக்குச் சுவர் யார் சிரித்துக்கொண்டிருப்பாள் என்பது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அதிபரிடம் போய்க் கலண்டரைக் கழற்றச் சொல்லுங்கள் என்று அப்பாவைப் போட்டு அரித்தாள். என்ன காரணம் சொல்லிக் கேட்பது என்று அப்பா கேட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சித்தி மட்டும் ஒரு பதட்டமும் இல்லாமல், சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் குந்தியிருந்து, பயமாக இல்லையா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

“செப்டம்பர் வரட்டும் பிள்ளை” என்றாள்.

அதை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் என்னையே இரண்டு அடி அடிக்கலாம் போல இருக்கிறது. சித்தி பயத்தை மறைத்துக்கொண்டு எனக்காகச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அம்மா அழுகிறாள், அப்பா நழுவுகிறார், சித்தி தைரியம் உள்ளவள் போல நடிக்கிறாள், இனி என்னை விட்டால் இந்த வீட்டைக் காப்பாற்ற யாரும் இல்லை. இன்னொரு காரணத்தையும் மறைக்கக்கூடாது. கல்யாணத்தில் என்னைத் தோழியாக நிறுத்துவதாகவும், றோஸ் நிறத்தில் சரிகை வைத்த நீளப் பாவாடை தைத்துத் தருவதாகவும் அம்மா சொல்லியிருந்தாள். கல்யாணம் தவறினால் பாவாடையும் தவறிவிடும்.

தவணையின் முதல் நாள், வகுப்புக் கூட்டும் முறை எனக்கு என்று பொய் சொல்லி வெள்ளனவே புறப்பட்டேன். முற்றத்து மரத்தடியில் நகரத்து மான்கள் நாலைந்து படுத்திருந்தன. திருகோணமலையில் மான்கள் கடைத்தெருவிலேயே உலாவும், பள்ளிக்கூடத்துக்குள்ளும் வரும், கடதாசி கண்டால் தின்னும். காவல்காரர் ஆசிரியர் அறையைத் திறந்து கூட்டிவிட்டுத் தண்ணீர் அள்ளப் போயிருந்தார். மாப்பிள்ளையின் தமக்கை முதலில் வந்து இருக்கப் போகிற இடம் அதுதானே என்று அங்கேதான் தொடங்கினேன். விடுமுறை என்பதால் சுவரில் இன்னும் ஜூலை தொங்கியது. இரண்டு தாளைத் தூக்கினேன். சித்தி கன்னத்துக் கிறீஸோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடிமட்டத்தை ஓரத்தில் வைத்து, பிசிர் இல்லாமல் நேராகக் கிழித்தேன். கசக்க மனம் வரவில்லை, சுருட்டிப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வகுப்பறைகளுக்கு அரைச்சுவர்தான், பூட்டு இல்லை. பதினொரு வகுப்பும் சுற்றி வந்தேன். லைப்ரரியின் யன்னல் கொக்கி பழுது, அதை எல்லாரும் அறிவார்கள். மிஞ்சியது அதிபரின் கந்தோர். அங்கே இருந்த சரஸ்வதி படத்துக்குப் பூ வைப்பது பிள்ளைகளின் வேலை. வேலியில் நாலு செவ்வரத்தம்பூப் பறித்துக்கொண்டு போனேன். கெட்டிக்காரப் பிள்ளை என்று அதிபர் சொல்லிவிட்டு, மணி அடிக்கச் சொல்ல வெளியே போனார். சரஸ்வதிக்குப் பூவை வைத்துவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே, பதினான்காவது சித்தியையும் கிழித்துப் பைக்குள் வைத்தேன். அவ்வளவு நேர்த்தியாக நான் வேறொரு வேலையையும் அந்த வயதில் செய்ததில்லை.

ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. சுவரில் இருந்த சித்தியைக் கிழித்தாயிற்று. வருடம் முழுவதும் நானே காட்டிக் காட்டி வைத்த முப்பத்தொரு பேரின் ஞாபகத்தை என்ன செய்வது? பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போதுதான் அது புத்தியில் பட்டது. பக்கத்தில் நின்றவளின் காதுக்குள் விசயத்தைச் சொன்னேன். என் சித்திக்குக் கலியாணம், புது ரீச்சர் மாப்பிள்ளையின் அக்கா. தேவாரம் முடிவதற்குள் அது முன்வரிசையில் இருந்து பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

புது ரீச்சர் மெலிந்தவர். கைத்தறிச் சேலை, இனிமையான குரல். பெயர் இடாப்புக் கூப்பிட்டு முடித்ததும் கலண்டரிடம் போனார். இந்தப் பள்ளிக்கூடத்தில் மாதாமாதம் ஒரு நல்ல வேலை நடக்கிறதாமே என்று சொல்லிக்கொண்டு ஜூலையைப் புரட்டினார், ஓகஸ்டைப் புரட்டினார். ஒக்டோபர் வந்தது. குனிந்து கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“செப்டம்பரில ஆர் பிள்ளையள் இருந்தவ? ஆருக்காவது ஞாபகம் இருக்கோ?”

முப்பத்தொரு தலைகளும் என் பக்கம் திரும்பின. உடனே, யாரோ சொல்லிக்கொடுத்தது போல, முன்னுக்குத் திரும்பிக்கொண்டன. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பொலிஸாகவும் நீதவானாகவும் வருவதாகக் கை உயர்த்திய பிள்ளைகள், ஏழு உத்தியோகம் சேர்த்து வைத்திருந்தவள் உட்பட, ஒரு கல்யாணக் கதை என்றதும் பெரிய மனுசிகளைப் போல உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தார்கள். இதை எங்களுக்கு எந்தக் கலண்டரும் சொல்லித் தரவில்லை. அது முன்னமே தெரிந்திருந்தது.

நான் எழும்பினேன். ஒரு நேர்ஸ் ரீச்சர் என்றேன். நேர்ஸ் ஏப்ரிலிலேயே வந்து போய்விட்டார், ஆனால் புது ரீச்சருக்கு அது தெரியாது. நல்லது என்று அவர் முகம் மலர்ந்தார். அப்படியென்றால் யார் யார் நேர்ஸ் ஆகப் போகிறீர்கள் என்று கேட்டார். முப்பத்திரண்டு கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது.

மற்ற வகுப்புகளிலும் தாள் இல்லாதது வெளியே வந்து அன்றைக்குப் பெரிய விசாரணை நடந்தது. காவல்காரர் மான்கள்மேல் பழியைப் போட்டார். எல்லாக் கலண்டரிலும் செப்டம்பரை மட்டும் தேடித் தின்கிற மான் எது என்று அதிபர் கேட்டார். அதற்கு மேல் அவருக்கும் நேரம் இருக்கவில்லை. ஒக்டோபரில் ஒரு சட்டத்தரணி வந்தார், நாங்கள் எல்லோரும் சட்டத்தரணி ஆனோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் அம்மா நினைத்தபடியே நடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளை வேலைக்குப் போகத் தேவையில்லை, ஒரு சம்பளம் போதும் என்று மாப்பிள்ளையின் தாய் நயமாகச் சொன்னார். ஓம் ஓம், கணக்கு எழுதுகிற வேலைதானே என்று அம்மா உடனே ஒத்துக்கொண்டாள். சித்தி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். இல்லாத ஒரு வேலையை விடும்படி அவளைக் கேட்டார்கள். அவளிடம் இருந்த வேலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அதை விடச் சொல்லிக் கேட்டால்தானே அவள் மாட்டேன் என்று சொல்லலாம்.

தையில் கல்யாணம். நகக்கண்ணில் ஏறியிருந்த கறுப்பு என்ன தேய்த்தும் போகாததால் அம்மா அவளுடைய விரல்களை மருதாணியால் மூடினாள். மாப்பிள்ளையின் தமக்கை அந்தக் கைகளைப் பிடித்து, நல்ல சிவப்பு என்று மெச்சினார். நானா வெள்ளைச் சட்டையோடு வந்து பின்வரிசையில் இருந்தார். கொம்பனி முதலாளி என்று அம்மா அவரை அறிமுகம் செய்தாள். அவர் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையின் தகப்பனிடம், பிள்ளை கணக்கில் நல்ல கெட்டி என்று சொன்னார். நான் றோஸ் நிறப் பாவாடையில் மணவறைக்குப் பக்கத்தில் நின்றேன். எல்லாப் படத்திலும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை, சித்தியையும் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர். இன்றுவரை சித்தியை ஒரு வார்த்தை அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் போன வருடம் சித்தி வந்திருந்தபோது, தாலி ஏறிய பிறகாவது அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று துணிந்து கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

“மூண்டாம் நாளே சொன்னனான். அவர் கோவிக்கேல்லை. முதலே தெரிஞ்சிருந்தா நான் என்ன வேண்டாமெண்டே சொல்லியிருப்பன் எண்டு கேட்டவர். இப்ப தன்ர அம்மாவுக்கும் அக்காவுக்கும் கணக்கு வேலையெண்டு சொல்லியாச்சு, இனிப் போய் அவையை ஏமாத்தினது எண்டு சொல்ல ஏலாது எண்டிட்டார். அதோட முடிஞ்சுது.”

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எஞ்சின் வேலை அவளுக்குத் தடையாக இருக்கவில்லை. அதை மறைத்ததுதான் தடையாகிவிட்டது. என் தலையில் சத்தியம் செய்ததால் அவளாக வாய் திறக்க முடியாது. மீறினால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவள் உண்மையாகவே பயந்திருக்கிறாள். ஆனால் சத்தியம் அவளுடைய வாய்க்குத்தான், சுவருக்கு இல்லை. செப்டம்பர் பிறந்தால், தாளைப் புரட்டினால், அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் எல்லாம் தெரிந்துவிடும். விருப்பம் என்றால் வருவார்கள், இல்லை என்றால் போவார்கள். அதை நம்பித்தான் அவள் அத்தனை அமைதியாக இருந்தாள். அந்த ஒரு வழியை நான் அடிமட்டம் வைத்து நேராகக் கிழித்து எடுத்தேன்.

நான் கப்பல் எஞ்சின் பக்கம் போகவில்லை. சித்தி போன பிறகு பட்டறைக்குச் சனிக்கிழமைகளில் கூட்டிப்போக யாரும் இல்லை. அந்த ஆசை எந்த மாதத்தில் என்னை விட்டுப் போனது என்றுகூட எனக்குத் தெரியாது. கணக்குப் பாடம் நன்றாக வந்தது, காணி அளக்கிற படிப்பு கிடைத்தது. குறை சொல்வதற்கில்லை.

ஒன்றைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். கிழித்த அன்று பின்னேரம் நடந்தது அது. சித்தி வேலையால் வந்து கிணற்றடியில் மண்ணும் சவர்க்காரமும் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பையைக் கொண்டுபோய், சுருளை எடுத்து, துணி துவைக்கிற கல்லின்மேல் விரித்தேன். பதினான்கு சித்திகள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து சிரித்தார்கள். பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

சித்தி ஈரக் கையைத் தாளில் படாமல் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். நீயா செய்தாய் என்று கேட்டாள். ஓம் என்றேன். யார் செய்யச் சொன்னது என்று கேட்டாள். ஒருவரும் சொல்லவில்லை, நானாகத்தான் என்றேன். பிறகு ஒவ்வொரு இடமாக விசாரித்தாள். எட்டாம் வகுப்பிலுமா? ஓம். மேல்மாடி வகுப்புகள் மூன்றிலும்? ஓம். லைப்ரரி பூட்டியிருக்குமே? யன்னலால் இறங்கினேன் என்றேன்.

“அதிபரின்ர கந்தோரில இருக்கிறதை நீ எடுத்திருக்க ஏலாது” என்றாள்.

“அதையும் எடுத்திட்டன் சித்தி. சரஸ்வதிக்குப் பூ வைக்கிற மாதிரிப் போய் எடுத்தனான்.”

“ரீச்சர்மாரின்ர அறையில?”

“அதைத்தான் முதல்ல கிழிச்சனான்.”

 சித்தி, கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவி முடித்த கையைத் திரும்பவும் கழுவத் தொடங்கினாள். அவள் என் வேலையைச் சரிபார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ஓர் அறையாவது என் கைக்குத் தப்பியிருக்காதா என்று அவள் தேடிக்கொண்டிருந்தது எனக்கு விளங்கவில்லை. ஒன்றும் மிச்சம் இல்லை சித்தி, பயப்படாதேங்கோ என்று, அவள் கேட்காமலே, நான் இன்னொரு தடவை சொன்னேன்.